சான்-தெனியின் மேயர்: ஜாக் டோரியோ எழுந்ததும் விழுந்ததும்

1936 ஜூன் 28 அன்று, பாரிஸின் வடக்கு எல்லையை ஒட்டிய சான்-தெனி நகரின் நகராட்சி மன்றக் கட்டடத்தில் ஒரு புதிய கட்சி தொடங்கப்பட்டது. அதன் பெயர் பிரெஞ்சு மக்கள் கட்சி. தொடங்கியவர் அந்த நகரின் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜாக் டோரியோ. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியின் மிகப் புகழ்பெற்ற பேச்சாளராக இருந்தவர் அவர். அன்று அவர் தொடங்கிய கட்சியோ சில ஆண்டுகளில் பிரான்சின் முதன்மையான பாசிசக் கட்சியாக வளர்ந்து, இறுதியில் ஹிட்லரின் படைக்கு ஆள் திரட்டும் அளவுக்குப் போனது.

இந்தத் தடம் மாற்றத்துக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. கட்சித் தலைமைக்காக மொரிஸ் தோரெஸுடன் நடந்த போட்டியில் தோற்ற ஆத்திரம் என்பது ஒன்று. மாஸ்கோவை நேரில் பார்த்தவரின் மனமுறிவு என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஆத்திரமும் மனமுறிவும் அக்காலத்தில் பல கம்யூனிஸ்ட் தலைவர்களுக்கு இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட மறுநாளே அரசியலில் பெயர் தெரியாதவர்களாகிப் போனார்கள். டோரியோ மட்டும் தாக்குப்பிடித்ததற்கும், தாக்குப்பிடித்த பின் அந்தத் திசையில் போனதற்கும் காரணம் தேடினால் அந்த நகராட்சி மன்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

டோரியோ 1898 செப்டம்பர் 26இல், பாரிஸுக்கு வடக்கே உவாஸ் மாவட்டத்திலுள்ள பிரேல் என்ற ஊரில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது சான்-தெனிக்கு வந்து உலோகத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பிரான்சின் அரசர்கள் அடக்கம் செய்யப்பட்ட பெரிய தேவாலயம் அந்த ஊரில் இருக்கிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்-தெனி என்றால் பிரெஞ்சுக்காரர்களின் நினைவுக்கு வந்தது உலோகப் பட்டறைகளும் எரிவாயு ஆலையும் ரயில் பாதைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும்தான். 1892இலேயே சோசலிஸ்ட்டுகள் நகராட்சியைப் பிடித்த ஊர் அது. 1930களில் சுமார் 80,000 பேர் அங்கே வாழ்ந்தார்கள். பாரிஸைச் சுற்றியிருந்த இத்தகைய ஊர்களைத்தான் அக்காலப் பத்திரிகைகள் சிவப்பு வளையம் என்று கொஞ்சம் அச்சத்தோடு எழுதின.

1917இல் படையில் சேர்க்கப்பட்ட டோரியோ துணிச்சலுக்காகப் பதக்கம் பெற்றார். போர் முடிந்த பின்னும் கிழக்கு ஐரோப்பியப் பகுதிகளில் பணியாற்றிவிட்டு 1920இல்தான் ஊர் திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பரில் தூர் நகர மாநாட்டில் சோசலிஸ்ட் கட்சி பிளந்து கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தபோது, இளைஞர் அமைப்பின் பெரும்பகுதியினரைப் போல அவரும் புதிய கட்சியின் பக்கம் நின்றார். அடுத்த ஆண்டே மாஸ்கோ சென்றார். 1923இல் இளைஞர் அமைப்பின் தலைவரானார். ஜெர்மனியின் ரூர் பகுதியைப் பிரெஞ்சு ராணுவம் ஆக்கிரமித்ததை எதிர்த்து நடத்திய பிரச்சாரத்துக்காகப் பாரிஸின் சாந்தே சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்தபடியே 1924 மே மாதத் தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினராகித்தான் வெளியே வந்தார். வயது இருபத்தைந்து.

அந்தத் தொடக்க ஆண்டுகளின் டோரியோவைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. மொரோக்கோவின் ரிஃப் மலைப்பகுதியில் அப்துல் கரீமின் படைகள் ஸ்பானியர்களைத் தோற்கடித்தபோது, 1924 செப்டம்பரில் அவரும் கட்சியின் பொதுச்செயலாளர் பியேர் செமாரும் கட்சியின் பெயரால் வாழ்த்துத் தந்தி அனுப்பினார்கள். மறு ஆண்டு பிரான்சே அந்தப் போரில் இறங்கியபோது, அதற்கு எதிரான பிரச்சாரத்தை முன்னின்று நடத்தியவர் அவர்தான். தன் நாட்டு ராணுவத்தோடு மோதும் எதிரிக்கு ஆதரவாக நாடாளுமன்றத்தில் பேசுவது அன்றைய பிரான்சில் சாதாரண காரியமில்லை. 1927இல், மாஸ்கோவிலிருந்து எல்லா நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளையும் வழிநடத்திய அமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தின் சார்பில் சீனா சென்றார். இந்தியாவின் எம்.என். ராய் அகிலத்தின் பிரதிநிதியாக ஹாங்கோவில் இருந்ததும் அதே மாதங்களில்தான். சியாங் கை ஷேக் கம்யூனிஸ்ட்டுகளை வெட்டிச் சாய்த்த அந்த வசந்தத்தில், மாஸ்கோவிலிருந்து வரும் கட்டளைக்கும் களத்தின் நிலைமைக்கும் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை டோரியோ கண்ணெதிரே பார்த்தார்.

திரும்பி வந்த சில மாதங்களில் அதே தூரம் பிரான்சிலேயே தெரிந்தது. "வர்க்கத்துக்கு எதிராக வர்க்கம்" என்ற கொள்கையை அகிலம் புகுத்தியது. பிரான்சின் நாடாளுமன்றத் தேர்தல் இரண்டு சுற்றுகளாக நடக்கும். முதல் சுற்றில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காத தொகுதியில், இரண்டாம் சுற்றுக்கு முன் இடதுசாரிகளில் பின்தங்கியவர் முந்தியவருக்காக விலகிக்கொள்வது நெடுநாள் வழக்கம். இனி சோசலிஸ்ட்டுகளுக்காக விலகக் கூடாது என்றது புதிய கட்டளை. விளைவாக 1928 தேர்தலில் கம்யூனிஸ்ட்டுகளின் வாக்குகள் பத்து லட்சத்தைத் தாண்டிக் கூடியும், இடங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. டோரியோ இந்தக் கொள்கையை எதிர்த்தார், கண்டிக்கப்பட்டார், 1929இல் பொதுவில் தன் தவற்றை ஒப்புக்கொண்டார். அந்தப் பணிவு அவருக்குப் பலன் தரவில்லை. 1930இலிருந்து கட்சியின் தலைமை, நிலக்கரிச் சுரங்க வட்டாரத்திலிருந்து வந்தவரும் அவரைவிட இரண்டு வயது இளையவருமான தோரெஸின் கைக்குப் போனது. இந்தப் பின்னணியில்தான் டோரியோ 1931 தொடக்கத்தில் சான்-தெனியின் மேயரானார். மேலே ஏறும் வழி அடைபட்ட ஒருவர் கீழே காலூன்றிக்கொண்டார் என்று அதைச் சொல்லலாம்.

பிரான்சில் மேயர் பதவி என்பது என்ன என்பதை இங்கே சற்று விளக்கியாக வேண்டும். 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகர்மன்ற உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்கள் தங்களுக்குள் மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அக்காலத்தில் அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும்கூட ஒரே சமயத்தில் இருக்க முடிந்தது. பெரும்பாலான பெரிய தலைவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். எதுவார் எரியோ பிரதமராக இருந்தபோதும் லியோன் நகரின் மேயர். மேயரின் கையில் நகராட்சி வேலைகள், ஒப்பந்தங்கள், வேலையற்றோருக்கான நிதி, பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு, மருந்தகங்கள், கோடை விடுமுறையில் ஏழைக் குழந்தைகளை வெளியூருக்கு அனுப்பும் முகாம்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரிய கூட்ட அரங்கும் உள்ளூர்ப் பத்திரிகையும் இருந்தன. உலகப் பொருளாதார மந்தம் பிரான்சை எட்டிய 1931இலிருந்து, ஆலை மூடிய குடும்பத்துக்கு அரசு என்றால் கண்ணில் தெரிந்தது நகராட்சியின் உதவி வழங்கும் சன்னல்தான். அந்த சன்னலுக்குப் பின்னால் யாருடைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அரசியல். சான்-தெனியில் அங்கே உட்கார்ந்தவர்கள் கட்சிக்காரர்கள். நாளாவட்டத்தில் அவர்கள் டோரியோவின் ஆட்கள் ஆனார்கள். உயரமும் பருமனும் கூடிய, கண்ணாடி அணிந்த, கூட்டத்தின் முன் வியர்வை வழியப் பேசும் அந்த முன்னாள் உலோகத் தொழிலாளியை ஊர் "பெரிய ஜாக்" என்று அழைத்தது. கட்சித் தலைமையில் இருந்த இடத்தை இழந்த ஆன்ரி பார்பே போன்றவர்களும் அங்கேதான் அடைக்கலம் தேடி வந்தார்கள்.

1934 பிப்ரவரி 6 இரவு இந்த ஏற்பாட்டைச் சோதித்தது. ஸ்தாவிஸ்கி என்ற மோசடிக்காரரின் ஊழலில் அரசியல்வாதிகள் சிக்கியதைப் பயன்படுத்திக்கொண்டு வலதுசாரி அமைப்புகள் நாடாளுமன்றத்தை நோக்கித் திரண்டன. காவல்துறை சுட்டதில் பதினைந்து பேர் வரை இறந்தனர். பிரதமர் தலதியேவின் அரசு மறுநாளே பதவி விலகியது. கம்யூனிஸ்ட் கட்சியும் அதே இரவில் அதே வட்டாரத்துக்குத் தன் முன்னாள் படைவீரர்களை அனுப்பியிருந்தது என்பது இன்று படிப்பவர்களை வியக்கவைக்கும். சோசலிஸ்ட்டுகளைப் பாசிஸ்ட்டுகளோடு ஒரே தட்டில் வைத்த கொள்கையின் தர்க்கரீதியான முடிவு அது. டோரியோ வேறு முடிவுக்கு வந்தார். சான்-தெனியில் சோசலிஸ்ட்டுகளையும் தொழிற்சங்கங்களையும் சேர்த்து ஒரு பாசிச எதிர்ப்புக் குழுவை அமைத்தார். பிப்ரவரி 12 பொது வேலைநிறுத்தத்தில் பாரிஸ் தெருவில் இரு கட்சியினரின் ஊர்வலங்களும் தாமாகவே ஒன்று கலந்தபோது, களம் டோரியோவின் பக்கம் இருப்பது வெளிப்படையாயிற்று. தோரெஸின் தலைமை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

அகிலம் இருவரையும் மாஸ்கோவுக்கு அழைத்தது. தோரெஸ் போனார், டோரியோ மறுத்துவிட்டார். இந்த மறுப்புக்குத் தேவையான துணிவை அவருக்குக் கொடுத்தது நகராட்சிதான் என்று நான் கருதுகிறேன். கட்சியின் நிறுவனர்களில் ஒருவராக இருந்தும் 1924இல் நீக்கப்பட்ட போரிஸ் சுவாரினுக்கு ஒரு சிறு பத்திரிகையைத் தவிர வேறெதுவும் கைவசம் இருக்கவில்லை. 1931இல் வீழ்த்தப்பட்ட பார்பேவுக்கு அதுவும் இல்லை. டோரியோ செய்தது என்னவென்றால், மேயர் பதவியைத் துறந்து நேரே வாக்காளர்களிடம் போனார். மே மாதம் பெரும் வாக்கு வித்தியாசத்தில் திரும்பி வந்தார். சான்-தெனி கட்சிக் கிளையின் பெரும்பகுதி அவர் பின்னால் நின்றது. அகிலத்துக்கு அவர்கள் எழுதிய பகிரங்கக் கடிதம் ஒற்றுமைக்கான வேண்டுகோளாகவே அமைந்திருந்தது.

பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் மிகக் கசப்பான பகுதி. ஹிட்லரின் வெற்றியைக் கண்டு மிரண்ட மாஸ்கோ, கோடைக்குள் தன் கொள்கையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டது. ஜூன் இறுதியில் ஈவ்ரியில் கூடிய கட்சி மாநாட்டில் தோரெஸ் சோசலிஸ்ட்டுகளோடு ஒற்றுமை வேண்டும் என்று அறிவித்தார். ஏறக்குறைய அதே நாளில், ஜூன் 27இல், அந்த ஒற்றுமையைக் கேட்டவரான டோரியோ கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ஜூலை 27இல் இரு கட்சிகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நான்கு மாதம் முன்னதாகச் சரியாகச் சொன்னவர் வெளியே. தவறாகச் சொன்னவர், அந்த ஒற்றுமையிலிருந்து பிறந்த இடதுசாரிக் கூட்டணியான மக்கள் முன்னணியின் தந்தைகளில் ஒருவராக வரலாற்றில் இடம்பெற்றுவிட்டார். நீக்கத்துக்கான காரணம் ஒழுங்கு மீறல். கட்டளைக்கு முந்திக்கொள்வதும் கட்டளையை மீறுவதும் அந்த அமைப்பில் ஒரே குற்றம்.

இதன் அரசியல் விளைவைப் பலர் போதிய அளவு கவனிப்பதில்லை. டோரியோவிடம் ஊர் இருந்தது, ஆனால் சொல்வதற்குத் தனியாக எதுவும் மிஞ்சவில்லை. அவர் கேட்ட ஒற்றுமையைக் கட்சியே நடத்திக்காட்டத் தொடங்கிவிட்டது. சான்-தெனித் தொழிலாளி இனி எதற்காகக் கட்சியைவிட்டு மேயரைப் பின்பற்ற வேண்டும்? 1935 மே மாத நகர்மன்றத் தேர்தலில் அவருடைய பட்டியல் வென்றது. நகராட்சி உதவியும் நேரடி அறிமுகமும் இன்னும் வேலை செய்தன. அதே மாதம் பிரான்சும் சோவியத் ஒன்றியமும் உடன்படிக்கை செய்து, பிரான்சின் ராணுவச் செலவை ஸ்டாலின் ஆதரித்தபோது, டோரியோவுக்கு ஒரு தனிக் கருப்பொருள் கிடைத்தது: கம்யூனிஸ்ட் கட்சி அந்நிய நாட்டின் ஏவலாள், அது பிரான்சை ஜெர்மனியோடு போருக்கு இழுத்துச் செல்கிறது. தோரெஸின் மீதான பகையும் போரின் மீதான வெறுப்பும் ஒன்றாகச் சேர்ந்த அந்தப் பேச்சுக்குக் கைதட்டியவர்கள் மெல்ல மெல்ல மாறினார்கள். இடதுசாரிகள் கேட்பதை நிறுத்த, வலதுசாரிகள் கேட்கத் தொடங்கினார்கள்.

1936 தேர்தல் அதை எண்ணிக்கையில் காட்டியது. நாடு முழுவதும் மக்கள் முன்னணி அலை வீசிய அந்தத் தேர்தலில் கம்யூனிஸ்ட்டுகள் 72 இடங்களைப் பிடித்தார்கள். சான்-தெனியில் டோரியோ, கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஃபெர்னான் க்ரெனியேவை இரண்டாம் சுற்றில் ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில்தான் வென்றார். தொகுதி கைநழுவிக்கொண்டிருந்தது. சோசலிஸ்ட் தலைவர் லியோன் புளூமின் அரசு ஜூன் 4இல் அமைந்தது. ஆலைகளைத் தொழிலாளர்கள் ஆக்கிரமித்தார்கள். ஜூன் 18இல் வலதுசாரி அரைராணுவ அமைப்புகள் தடைசெய்யப்பட்டன. அதற்குப் பத்து நாள் கழித்து பிரெஞ்சு மக்கள் கட்சி பிறந்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் ஆட்கள் ஒரு கூரையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வேலைநிறுத்தத்தால் கலங்கிய முதலாளிகள், கம்யூனிஸ்ட்டுகளைத் தொழிலாளர் மத்தியிலேயே எதிர்க்கக்கூடிய ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வோர்ம்ஸ் வங்கி வட்டாரத்திலிருந்தும் உருக்குத் தொழிலிலிருந்தும் பணம் வந்தது. பின்னர் முசோலினியின் இத்தாலியிலிருந்தும் வந்தது. தலைமையில் பாதி பழைய கம்யூனிஸ்ட்டுகள். கூடவே நாவலாசிரியர் பியேர் திரியூ லா ரோஷல், பெர்த்ரான் தெ ஜூவனெல் போன்ற எழுத்தாளர்கள், மார்செய் நகரின் ரவுடிக் கும்பல்களோடு தொடர்பு வைத்திருந்த சிமோன் சபியானி. கட்சி சொல்லிக்கொண்ட உறுப்பினர் எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் பெரிதும் குறைத்தே ஏற்கிறார்கள். ஆனால் அல்ஜீரியாவின் ஐரோப்பியக் குடியேறிகளிடையே அதற்கு உண்மையான பலம் இருந்தது. ரிஃப் கிளர்ச்சிக்கு வாழ்த்து அனுப்பியவரின் கட்சி காலனியவாதிகளின் வாக்கில் வளர்ந்தது என்பதற்கு நான் உரை எழுதத் தேவையில்லை.

அந்தக் கட்சிக்கு இருந்த ஒரே உண்மையான தொழிலாளர் அடையாளம் சான்-தெனி. அதை அரசு நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. உள்துறை அமைச்சராக இருந்த லீல் நகர மேயர் ரோஜே சலாங்ரோ, வலதுசாரிப் பத்திரிகைகளின் அவதூறு தாளாமல் 1936 நவம்பரில் தற்கொலை செய்துகொண்ட பின், அந்தப் பொறுப்புக்கு மோன்லூசோன் நகரின் மேயரான மார்க்ஸ் டோர்முவா வந்தார். நகராட்சி என்பது எப்படிப்பட்ட கோட்டை என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சான்-தெனியின் கணக்குகளை ஆய்வாளர்கள் புரட்டினார்கள், முறைகேடுகள் கண்டறியப்பட்டன, 1937 மே மாதம் டோரியோ மேயர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

சட்டம் இதற்கு இடம் கொடுத்தது. அன்று நடப்பிலிருந்த 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்தை ஆளும் பிரிஃபெக்ட் ஒரு மேயரை ஒரு மாதம்வரை இடைநீக்கம் செய்யலாம். உள்துறை அமைச்சர் அதை மூன்று மாதமாக நீட்டலாம். நிரந்தரமாக நீக்க அரசாணை வேண்டும். நீக்கப்பட்டவர் ஓராண்டு மீண்டும் மேயராக முடியாது. ஆனால் நகர்மன்ற உறுப்பினர் பதவி பறிபோகாது. ஆகவே டோரியோ பேசாமல் இருந்திருந்தால் மன்றத்தில் தன் பெரும்பான்மையை வைத்துக்கொண்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரை மேயராக்கிவிட்டு ஓராண்டைக் கடத்தியிருக்கலாம். கணக்கில் குறை காண்பது அரசியல் நோக்கோடு நடந்தது என்ற வாதத்தையும் எடுபடச் செய்திருக்கலாம். ஏனெனில் அதில் பொய்யில்லை, மற்ற நகராட்சிகளின் கணக்குகள் அந்தக் கூர்மையோடு பார்க்கப்படவில்லை. அவர் 1934இல் பலித்த உத்தியையே மறுபடி கையில் எடுத்தார். மன்றப் பதவியைத் துறந்து, மக்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்று இடைத்தேர்தலில் நின்றார். ஜூன் 20இல் ஊர் தீர்ப்புச் சொன்னது: கம்யூனிஸ்ட்டுகள் தெளிவாக வென்றார்கள். நாடாளுமன்றப் பதவியையும் துறந்தார். அந்தத் தொகுதி க்ரெனியேவுக்குப் போனது. 1934இல் மேயரோடு நின்றவர்கள் மேயருக்காக மட்டும் நிற்கவில்லை, ஒற்றுமைக்காக நின்றார்கள் என்பதை அவர் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

இங்கே பக்கத்து ஊரைப் பார்ப்பது பயன் தரும். சான்-தெனிக்கு அடுத்த தொழிலாளர் நகரமான ஓபெர்வில்லியேவில் பியேர் லவால் 1923 முதல் 1944 வரை இடைவிடாமல் மேயராக இருந்தார். அவரும் சோசலிஸ்ட்டாகத் தொடங்கி வலதுபுறம் நகர்ந்தவர்தான். ஆனால் லவால் தன் ஊரிடம் எந்தக் கொள்கையையும் ஏற்கச் சொல்லவில்லை. கோரிக்கையோடு வந்தவருக்குக் காரியம் முடித்துக் கொடுத்தார், தேசிய அரசியலை ஊருக்கு வெளியே வைத்துக்கொண்டார். டோரியோவோ நகராட்சி மன்றத்தையே தன் கட்சியின் தலைமையகமாக ஆக்கி, கம்யூனிஸ்ட் தொழிலாளர்களின் ஊரைக் கம்யூனிஸ்ட் எதிர்ப்பின் கொடிக்கம்பமாக்கப் பார்த்தார்.

1937க்குப் பின் அவரிடம் மிஞ்சியது பிறருடைய பணத்தில் நடந்த ஒரு கட்சி. எல்லா வலதுசாரிகளையும் சேர்த்துச் "சுதந்திர முன்னணி" அமைக்கும் முயற்சியை, அவர்களில் பெரிய கூட்டத்தை வைத்திருந்த கர்னல் தெ லா ரோக் நிராகரித்தார். செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938 மியூனிக் உடன்பாட்டை டோரியோ ஆதரித்ததும், இத்தாலியப் பணம் பற்றிய பேச்சும் எழுத்தாளர்களையும் பியேர் பூஷூ போன்ற தொழில்துறைத் தொடர்பாளர்களையும் வெளியேறச் செய்தன. போர் வராமல் இருந்திருந்தால் அந்தக் கட்சி கரைந்துபோயிருக்கும் என்று நம்பப் போதிய காரணம் உண்டு.

ஜெர்மன் ஆக்கிரமிப்பு அதற்கு உயிர் கொடுத்தது. சான்-தெனி நகராட்சியும் வாக்குப்பெட்டியைத் தொடாமலே அவருடைய ஆட்களிடம் திரும்பியது. டோரியோவை நீக்கிய டோர்முவா 1941 ஜூலையில் மொந்தேலிமாரில் கட்டிலுக்கடியில் வைக்கப்பட்ட குண்டால் கொல்லப்பட்டார். அதைச் செய்தவர்கள் தீவிர வலதுசாரி ரகசியக் குழுக்களின் வட்டாரத்தினர். அதே ஜூலையில் டோரியோ சோவியத் ஒன்றியத்துக்கு எதிராகப் போரிடும் பிரெஞ்சுத் தன்னார்வப் படையை மற்றவர்களோடு சேர்ந்து நிறுவி, ஜெர்மன் சீருடையில் தானே கிழக்குப் போர்முனைக்குப் போனார். ஆட்சி தன் கைக்கு வரும் என்று 1942 இறுதிவரை எதிர்பார்த்தார். ஜெர்மானியர்கள் அவரைக் காட்டி, அவர்களோடு ஒத்துழைத்த விஷி அரசின் தலைவராக இருந்த லவாலை மிரட்டினார்கள். ஆட்சியை லவாலிடமே விட்டுவைத்தார்கள்.

1944 ஆகஸ்டில் சான்-தெனி விடுவிக்கப்பட்டபோது நகராட்சிப் பொறுப்பைக் கம்யூனிஸ்ட்டான ஒகுஸ்த் ஜில்லோ ஏற்றார். அந்தக் கட்சியிடமிருந்து அது கைமாற 2020 ஆயிற்று. ஜெர்மனிக்கு ஓடிய டோரியோ, கான்ஸ்டன்ஸ் ஏரியின் மைனாவ் தீவில் தங்கி, 1945 ஜனவரியில் "பிரெஞ்சு விடுதலைக் குழு" ஒன்றை அறிவித்தார். பிப்ரவரி 22 அன்று, ஜெர்மானியர்களோடு ஒத்துழைத்த மற்றொரு கட்சித் தலைவரான மார்செல் தேயாவைச் சந்தித்து அவரையும் அதில் சேர்க்கக் காரில் போய்க்கொண்டிருந்தபோது, மெங்கன் என்ற ஊருக்கருகே தாழப் பறந்த விமானங்கள் சுட்டதில் இறந்தார். அந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.